ஊழியத்துக்கென்று பொருத்தனை பண்ணப்பட்ட பிள்ளை நான். இப்போது ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக்கொண்டிருக்கிறேன்

நாசரேத்துக்காரி (கேள்வி)

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ரொம்ப நாள் மனசுக்குள் வைத்திருந்ததை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வயது 41. பிறந்தது தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத். கல்யாணம் ஆகி வந்தது பாளையங்கோட்டை. ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் 14 வருடமாக வேலை பார்க்கிறேன். முதலில் வாட் கணக்கு, 2017 ஜூலையிலிருந்து ஜிஎஸ்டி. மாதத்தில் 11-ம் தேதிக்குள் விற்பனை விவரம் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1, 20-ம் தேதிக்குள் வரிக் கணக்கை முடிக்கும் 3பி. பாத்திரக்கடை, ஹார்டுவேர் கடை, பெயின்ட் கடை என்று என் பொறுப்பில் மட்டும் 38 பேர். கட்டைப்பையில் பில்லைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். பிரித்து அடுக்கி, டைப் பண்ணி, ஓடிபி கேட்டுப் போன் பண்ணி, ஃபைல் பண்ண வேண்டும். மறு மாதம் திரும்பவும் முதலிலிருந்து.

விஷயம் இதுதான். நான் அம்மா வயிற்றில் ஏழு மாதமாக இருக்கும்போது அம்மாவுக்குக் கடுமையான காய்ச்சல். பிள்ளை தங்காது என்று சொல்லிவிட்டார்களாம். அப்போது, “இந்தப் பிள்ளை பிழைத்தால் உமது ஊழியத்துக்கே கொடுத்துவிடுகிறோம்” என்று, பைபிளில் தன் மகனை ஆலயத்துக்கே கொடுத்த அன்னாளைப் போலப் பொருத்தனை, அதாவது நேர்ச்சை. நான் பிழைத்தேன். அதன்பிறகு ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் இந்தக் கதையைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். வசனப் போட்டியில் பரிசு வாங்கினால், “பின்னே, அது ஊழியத்துக்குக் கொடுத்த பிள்ளையல்லவா” என்பார்கள். உபதேசியார் என்னைப் பார்த்தால் “வாம்மா ஊழியக்காரி” என்றுதான் கூப்பிடுவார்.

19 வயதில் ஒரு வாலிபர் முகாமில், முழுநேர ஊழியத்துக்கு ஒப்புக்கொடுக்கிறவர்கள் எழுந்து நில்லுங்கள் என்றார்கள். நான் நின்றேன். அழுதுகொண்டுதான் நின்றேன், அது பொய் இல்லை. அப்புறம் அப்பாவின் கடை நொடித்தது. கடன். பி.காம். முடித்த கையோடு வேலைக்குப் போனேன். கல்யாணம், இரண்டு பிள்ளைகள். மூன்று வருடத்துக்கு முன்னால் அத்தைக்குப் பக்கவாதம் வந்து படுக்கையிலேயே இருக்கிறார்கள். காலை ஐந்து மணிக்கு அவர்களுக்கு டயப்பர் மாற்றித் துடைத்து, கஞ்சி கொடுத்து, பிள்ளைகளை அனுப்பிவிட்டு 9.20 பஸ்ஸைப் பிடிப்பேன்.

இந்த வருடப் பிறப்பு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை (ஆளுக்கொரு வசனம் அச்சிட்டது) எடுத்தபோது எனக்குக் கிடைத்தது எரேமியா 29:11. என் பேரில் நல்ல நினைவுகள் வைத்திருக்கிறார் என்கிற அந்த வசனம். சந்தோஷமாகத்தான் அட்டையை பீரோவில் ஒட்டினேன். மே மாதம் எங்கள் சேகரத்தில், அதாவது சபை வட்டாரத்தில், கன்வென்ஷன் என்கிற பிரசங்கக் கூட்டம் நடந்தது. வந்த பிரசங்கியார், “தேவன் உனக்கு வைத்த நோக்கத்தை விட்டு யோனாவைப்போல ஓடிக்கொண்டிருக்கிறாயா?” என்று கேட்டார். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. இப்போது பீரோவைத் திறக்கும்போதெல்லாம் அந்த அட்டை என்னிடம் கணக்குக் கேட்பதுபோல் இருக்கிறது.

நான் என் நோக்கத்தைத் தவறவிட்டுவிட்டேனா? “எல்லா வேலையும் ஊழியம்தான்” என்று தயவுசெய்து ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள். அந்த வரி எனக்கும் தெரியும், ஞாயிறு பள்ளியில் நானே பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் 20-ம் தேதி ராத்திரி எட்டரைக்கு போர்ட்டல் சுற்றிக்கொண்டே நிற்கும்போது அந்த வரி எனக்குத் துணைக்கு வருவதில்லை. உங்களில் யாருக்காவது இது தீர்ந்திருந்தால் எப்படித் தீர்ந்தது என்று சொல்லுங்கள்.

---

ராத்திரி டியூட்டி

மகளே, எனக்கு 67 வயது. வேலூரில் நர்சிங் படித்து 34 வருடம் வார்டில் இருந்தவள். முதலில் ஒன்று கேட்டுவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு மனசு ஆறாது. அத்தையை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கிறீர்களா? நீங்கள் ஆபீஸ் போன பிறகு யார் பார்க்கிறார்கள்? குதிகால், இடுப்பெலும்பு, முதுகின் அடிப்பக்கம், இந்த இடங்களைத் தினமும் வெளிச்சத்தில் பாருங்கள். தோல் சிவந்து, விரலால் அழுத்தினாலும் அந்தச் சிவப்பு மறையாவிட்டால் அதுதான் படுக்கைப்புண்ணின் ஆரம்பம்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். எங்கள் கல்லூரியில் ஐடா ஸ்கடர் அம்மாவின் கதையைக் கேட்காத வருடமே கிடையாது. உங்கள் சபையிலும் கேட்டிருப்பீர்கள். திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று பேர் வந்து, பிரசவத்தில் தவிக்கிற மனைவியைப் பார்க்க வாருங்கள் என்று அவரைக் கூப்பிட்டார்கள். அவர் டாக்டர் இல்லை. டாக்டரான அப்பாவை அனுப்புகிறேன் என்றார். ஆண் டாக்டர் வேண்டாம் என்று மூன்று பேரும் திரும்பிப் போனார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள். அதிலிருந்துதான் அவர் டாக்டருக்குப் படித்தார். 1900-ல் திரும்பி வந்து வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு ஆரம்பித்தார். 1909-ல் நர்சிங் பள்ளி, 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் படிப்பு.

அழைப்பு என்றால் இப்படி ராத்திரியில் கதவைத் தட்ட வேண்டும் என்று என் இருபது வயதில் நான் நம்பினேன். எனக்கு யாரும் தட்டவில்லை. வீட்டுக் கஷ்டம், உபகாரச் சம்பளம் கிடைத்தது, படித்தேன். அதனால் பத்து வருடம் நான் ஏதோ இரண்டாந்தரம் என்கிற நினைப்பிலேயே பெட்பேன் கழுவினேன்.

அந்தக் கதையில் மேடையில் வேகமாகத் தாண்டிப் போகிற ஒரு வரி உண்டு. அவர் ஏன் அன்றைக்குத் திண்டிவனத்தில் இருந்தார்? மிஷனரியாக வரவில்லை. இந்தியாவில் தங்குவதாகவே எண்ணம் இல்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, கூட இருந்து பார்த்துக்கொள்ள 1890-ல் வந்தார். நோயாளியான அம்மாவுக்குப் பணிவிடை செய்து கொண்டிருந்த வீட்டின் கதவைத்தான் அந்த மூன்று பேரும் தட்டினார்கள். இது எனக்கு உறைத்தது ஒரு நைட் டியூட்டியில், நாற்பது வயதில். நீங்கள் காலை ஐந்து மணிக்குச் செய்வதை ஐடா அம்மாவும் செய்திருக்கிறார்கள். அதைத் தடையாக நினைக்காதீர்கள்.

இன்னொன்று. அன்னாள் சாமுவேலைக் கொடுத்தாள், உண்மைதான். ஆனாலும் ராத்திரியில் கர்த்தர் கூப்பிட்டது சாமுவேலைத்தான், பேர் சொல்லி. அம்மாவின் பொருத்தனையே போதும் என்று அவர் விட்டுவிடவில்லை. அந்தப் பொருத்தனைக்குப் பின்னால் அன்னாள் என்ன செய்தாள் என்றும் எழுதியிருக்கிறது. வருடாவருடம் பிள்ளைக்கு ஒரு சின்னச் சட்டை தைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். உங்கள் அம்மா இருக்கிறார்களா? இருந்தால் அவர்களிடம் பேசுங்கள். என்ன நினைத்துச் சொன்னார்கள் என்று கேளுங்கள்.

---

திரும்பி வந்தவன்

அக்கா, நீங்கள் எழுந்து நின்றதோடு நின்றது. நான் போயே விட்டேன். அம்பத்தூரில் கம்ப்யூட்டர் புரோகிராமில் ஓடுகிற சிஎன்சி மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். 24 வயதில் வேலையை விட்டு ஒரு ஊழியக் குழுவில் சேர்ந்து நான்கு வருடம் இருந்தேன். அங்கே நடந்ததை எழுத விருப்பமில்லை. “இன்னும் இரண்டு வருடத்தில் பெரிய கதவு திறக்கும்” என்று எனக்குத் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது என்று மட்டும் சொல்கிறேன். 28-ல் அதே அம்பத்தூருக்குத் திரும்பி வந்தபோது ஊரில் எல்லாரும் என்னை விசுவாசத்தை விட்டு விலகின பின்மாற்றக்காரனாகப் பார்த்தார்கள். நானும் அப்படித்தான் பார்த்தேன்.

உங்கள் பீரோவில் இருக்கிற வசனத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன், ஏனென்றால் அதே அட்டை என் டூல் பாக்ஸிலும் இருந்தது. திரும்பி வந்த வருடம்தான் அந்த அதிகாரத்தை முதலிலிருந்து வாசித்தேன். அது ஒரு கடிதம் அக்கா. பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எருசலேமிலிருந்து அனுப்புகிறார். அவர்கள் யாரும் அந்த ஊருக்கு ஆசைப்பட்டுப் போனவர்கள் இல்லை. அவர்களுக்கு 5-ம் வசனத்திலிருந்து என்ன சொல்லியிருக்கிறது என்று பாருங்கள். வீடு கட்டிக் குடியிருங்கள். தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள். பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணிவையுங்கள். அந்த ஊரின் சமாதானத்தைத் தேடி, அதற்காக ஜெபம் பண்ணுங்கள். 10-ம் வசனம் எழுபது வருடம் ஆகும் என்கிறது. அதற்கு அடுத்ததுதான் நம் அட்டை வசனம்.

முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒருவர் வருகிறார். இரண்டே வருடத்தில் எல்லாம் திரும்ப வந்துவிடும் என்று ஆலயத்தில் எல்லார் முன்னாலும் சொன்னார். ஜனங்களுக்கு அது எவ்வளவு பிடித்திருக்கும் என்று எனக்குத் தெரியும், எனக்கும் பிடித்திருந்தது. எரேமியா அவரைப் பார்த்துக் கர்த்தர் உன்னை அனுப்பவில்லை என்று சொல்லிவிட்டார்.

அதை வாசித்துவிட்டு வாடகை வீட்டு மொட்டைமாடியில் இரண்டு தொட்டியில் முருங்கையும் தக்காளியும் வைத்தேன். சிரிக்காதீர்கள், உண்மையாகவே வசனத்தை அப்படியே செய்து பார்த்தேன். முருங்கை வரவில்லை. தக்காளி வந்தது. பக்கத்து வீட்டு அம்மாவுக்குக் கொடுத்தேன், அவர்கள் மகனுக்கு வேலை இல்லை என்று சொன்னார்கள், எங்கள் ஷாப்பில் சேர்த்துவிட்டேன். இன்றைக்கு அவன் என்னைவிட நன்றாக புரோகிராம் போடுகிறான். இதைச் சாட்சி என்று மேடையில் சொன்னால் யாரும் அல்லேலூயா சொல்லமாட்டார்கள். ஆனால் எனக்கு நடந்தது இதுதான்.

---

பதினொரு வருடம் டீச்சர்

மேலே இருக்கிற இரண்டு பதிலுக்கும் நான் எதிராக இல்லை. ஆனாலும் ஒருவர் இதையும் சொல்ல வேண்டும்.

நான் ஒரு கிறிஸ்தவத் தனியார் பள்ளியில் பதினொரு வருடம் வேலை பார்த்தேன். சேர்ந்தபோது 4,000 ரூபாய், விடும்போது 9,500. சம்பளம் கூட்டிக் கேட்டால், “இதை வேலையாக நினைக்காதீர்கள் டீச்சர், ஊழியமாக நினையுங்கள்” என்பார்கள். எதைச் செய்தாலும் மனுஷருக்கென்று செய்யாமல் கர்த்தருக்கென்று செய்யுங்கள் என்கிற கொலோசெயர் வசனம் எங்கள் ஸ்டாஃப் ரூம் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. அது அடிமைகளுக்கு எழுதப்பட்ட வசனம். தான் செய்கிற வேலையைத் தேர்ந்தெடுக்க முடியாதவர்களிடம், உங்கள் வேலையைப் பார்க்கிறவர் ஒருவர் இருக்கிறார் என்று பவுல் சொல்கிறார். அதனால் அந்த வசனத்தை நான் நேசிக்கிறேன். ஆனால் இரண்டு மூன்று வசனம் தள்ளி, அடுத்த அதிகாரத்தின் முதல் வசனத்தில், எஜமான்களே, வேலைக்காரருக்கு நீதியும் செவ்வையுமானதைச் செய்யுங்கள், உங்களுக்கும் பரலோகத்தில் எஜமான் இருக்கிறார் என்று இருக்கிறது. அதை யாரும் சட்டம் போட்டு மாட்டவில்லை.

சகோதரி, உங்கள் களைப்பு முழுவதும் ஆவிக்குரிய பிரச்சினை என்று நினைத்துவிடாதீர்கள். 38 பேர் கணக்கு ஒருத்திக்கு அதிகம். படுத்த படுக்கையாக இருக்கிறவரை ஒருத்தி மட்டும் பார்ப்பது அதிகம். சம்பளம் எவ்வளவு, கடைசியாக எப்போது கூட்டினார்கள், வீட்டில் உங்கள் கணவர் காலை ஐந்து மணிக்கு என்ன செய்கிறார், இதையும் கேட்டுப் பாருங்கள். நோக்கத்தைத் தேடிக்கொண்டே நான் என் முதுகை உடைத்துக்கொண்டேன்.

---

நாசரேத்துக்காரி

டீச்சர், சம்பளம் 16,500. மூன்று வருடமாகக் கூட்டவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்பது விசுவாசக் குறைவு மாதிரி ஒரு எண்ணம் இருந்தது. நீங்கள் எழுதியதை என் வீட்டுக்காரருக்கும் வாசித்துக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் ஐந்து மணிக்கு எழுந்து வெந்நீர் வைத்தார்.

நர்ஸ் அம்மா, அத்தையின் குதிகாலில் சிவப்பு இருந்தது. நீங்கள் கேட்காவிட்டால் பார்த்திருக்கவே மாட்டேன்.

---

துறைமுகம்

நான் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கன்), தூத்துக்குடி. துறைமுகத்தில் கன்டெய்னர் டாலி எழுதுகிற வேலை. நம்பர், சீல், டேமேஜ் இருக்கிறதா என்று பார்த்துக் குறிக்க வேண்டும். அக்கா பில் அடுக்குவதை வாசித்தபோது என் வேலை மாதிரியே இருந்தது.

எங்கள் பக்கத்தில் கார்மேல் துறவற சபைச் சகோதரர் லாரன்ஸ் என்று ஒருவரைச் சொல்வார்கள். பிரான்சுக்காரர். முதலில் சிப்பாய், சண்டையில் காயம் பட்டவர். 1640 வாக்கில் பாரிசில் மடத்தில் சேர்ந்தார். ஜெபத்திலேயே இருக்கலாம் என்று நினைத்து வந்தவரை அடுப்படியில் போட்டார்கள். சமையல் வேலை அவருக்கு இயல்பிலேயே பிடிக்காது. பதினைந்து வருடம் அங்கேதான். அப்புறம் செருப்புத் தைக்கிற வேலை. பிடிக்காத வேலை கடைசிவரை பிடித்துப் போனது என்று அவர் சொல்லவில்லை. அடுப்படிச் சத்தத்துக்கு நடுவிலேயே கடவுளோடு பேசப் பழகிக்கொண்டார். தரையில் கிடக்கிற ஒரு துரும்பைக்கூடக் கடவுள் மேல் உள்ள அன்புக்காக எடுக்கலாம் என்றார். 1691-ல் இறந்தார். அவரைத் தேடிப் பெரிய ஆட்கள் வந்து பேசிவிட்டுப் போனார்களாம், செருப்புத் தைக்கிறவரிடம்.

எனக்கு உதவுவது ஒரு பழக்கம். இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் கற்றுக்கொடுத்த ஆன்ம சோதனை. பாவத்தை எண்ணுவது மட்டும்தான் அது என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். முதலில் நன்றி சொல்ல வேண்டும், அப்புறம் அன்றைய நாளை மணிவாரியாகத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று ஒரு சாமியார் விளக்கினார். ஷிஃப்ட் முடிந்து கேட்டிலிருந்து பைக் ஸ்டாண்டு வரைக்கும் நடக்கிற பத்து நிமிடத்தில் செய்கிறேன். இன்று எந்த இடத்தில் கடவுள் பக்கத்தில் இருந்த மாதிரி இருந்தது, எந்த இடத்தில் நான் விலகிப் போனேன், இவ்வளவுதான் கேட்பது. ஒருநாள் சீல் நம்பர் ஒன்று ஒத்துப்போகவில்லை. டிரைவர் சின்னப் பையன், பயந்து நடுங்கினான். ஏற்றின இடத்திலேயே தப்பாக எழுதியிருந்தார்கள். அவனை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்து, அந்த இடத்துக்கு நானே போன் பண்ணினேன். அன்றைக்கு பைக் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது அந்த டீதான் ஞாபகத்துக்கு வந்தது.

அக்கா, ஒரு மாதம் செய்து பாருங்கள். 9.20 பஸ் மாதிரி திரும்புகிற பஸ்ஸும் ஒன்று இருக்குமே.

---

நாசரேத்துக்காரி

எழுதி ஐந்து வாரம் ஆகிவிட்டது. பதில் எழுதின எல்லாருக்கும் நன்றி.

போன சனிக்கிழமை ஊருக்குப் போய் அம்மாவிடம் கேட்டேன். அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்கள். “அந்தப் பொருத்தனை பண்ணும்போது என்னம்மா நினைத்தீர்கள்?” என்றேன். கீரையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். “நான் எங்கே பண்ணினேன்? உங்க ஆச்சியில்லா பண்ணினா” என்றார்கள். அம்மாவுக்கு அப்போது இருபது வயது. காய்ச்சலில் நினைவே சரியாக இல்லை. ஆச்சி தலைமாட்டில் முழங்கால் போட்டு ஜெபித்ததைப் பிறகுதான் கேள்விப்பட்டார்கள். அம்மா கேட்டதெல்லாம், இந்தப் பிள்ளை முகத்தை ஒருதடவை பார்த்துவிட வேண்டும் என்பதுதானாம். “அதையா இத்தனை வருஷம் தூக்கிக்கிட்டுத் திரியுத?” என்று கேட்டு அழுதார்கள். நானும் அழுதேன். ஆச்சி இறந்து 22 வருடம் ஆகிறது. சாயங்காலம் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டுத்தான் பாளையங்கோட்டை பஸ் ஏறினேன்.

ஆடிட்டரிடம் சம்பளம் கூட்டிக் கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

திரும்புகிற பஸ்ஸில் அந்தத் துறைமுகத் தம்பி சொன்னதைச் செய்கிறேன். பாதி நாள் தூங்கிவிடுகிறேன். ஆனால் ஒன்று கண்ணில் பட்டது. ஹார்டுவேர் கடைக்காரர் ஒருவர் போன வருடம் மாரடைப்பில் போய்விட்டார், இப்போது அவர் மனைவி நடத்துகிறார்கள். 3பி தாமதமானால் ஒரு நாளைக்கு 50 ரூபாய் என்பது அவர்களுக்குத் தெரியாது. யாரோ மொத்தமாக ஆயிரக்கணக்கில் அபராதம் வரும் என்று பயமுறுத்தியதில் கடையையே மூடிவிடலாமா என்று இருந்திருக்கிறார்கள். பில்லை மேஜையில் விரித்து, எது வாங்கினது, எது விற்றது, வரி எதிலிருந்து எது கழியும் என்று முக்கால் மணி நேரம் சொல்லிக் கொடுத்தேன். போகும்போது, அவர் இருந்தபோதுகூட இந்தக் கணக்கை யாரும் எனக்குச் சொன்னதில்லை என்றார்கள். அன்று பஸ்ஸில் தூங்கவில்லை.

அட்டையை பீரோவிலேயே விட்டிருக்கிறேன். அதன் கீழே 5-ம் வசனத்தை என் கையால் எழுதி ஒட்டினேன். அத்தையின் குதிகால் ஆறிவிட்டது. இன்று தேதி 17. இன்னும் 21 பேருக்கு 3பி பாக்கி இருக்கிறது, காலையில் முதலில் அந்த ஹார்டுவேர் அம்மாவுக்குப் போன் பண்ண வேண்டும், ஓடிபிக்கு.